ஆடிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்

மாலை ஐந்து ஐம்பது. காரில் நான்கு பேர், ஐசி என்கிற அடையாள அட்டை இரண்டு. கோமளவல்லி மடியில் கிடந்த தங்க நிறக் கைப்பையை மறுபடியும் திறந்தாள். சீப்பு, ஊக்கு குத்திய அட்டைத் துண்டு, கைக்குட்டை, தூவியதுபோக மிச்சமான அட்சதை, வீட்டுச் சாவி. அதற்கு மேல் அந்தப் பையில் எதுவும் கொள்ளாது. அவளுடைய பாஸ்போர்ட் பழுப்புப் பையில் இருக்கிறது. பெரியவள் துர்காஷினியின் பிறப்புப் பத்திர நகலும் அதில்தான். பழுப்புப் பை வாஷிங் மெஷின் மேல் இருக்கிறது. காலையில் வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தபோது, பச்சைப் பட்டுக்கு அது பொருந்தவில்லை என்று தோன்றி, இதை எடுத்து அதை அங்கே வைத்தாள். வைத்த சத்தம்கூட இப்போது கேட்கிறது, மெஷினின் தகர மூடி மேல் லேசாக ஒரு டொக். பதினாறு வருஷமாக அந்தப் பையில்லாமல் பசாருக்குக்கூடப் போனதில்லை, மீன் வாங்கும்போதும் அக்குளில் இடுக்கிக்கொண்டே நிற்பாள், மீன்காரர்கூடக் கேலி செய்வார், உள்ளே என்ன நகையா என்று. இன்றைக்குப் பார்த்துப் பொருத்தம் பார்த்திருக்கிறாள். முன்னால் கார்களின் சிவப்பு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து நின்றன. கோல சிலாங்கூர் போகும் சாலை அது, இரண்டு பக்கமும் செம்பனை, சாலைக்கும் தோட்டத்துக்கும் நடுவே கால்வாய், திருப்ப இடமில்லை. “ரோட்பிளாக்கா இருக்கும்,” என்றார் காரை ஓட்டிக்கொண்டிருந்த கணவர் தனபாலன். வழக்கமாக மழை வரும் என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். அவருக்கு மழைதான். சட்டைப்பையில் அவருடைய ஐசி இருக்கிறது, பிறந்ததிலிருந்து மலேசியாக்காரர், ஜன்னலை இறக்கி அட்டையை நீட்டினால் முடிந்தது. “என்ன தேடிக்கிட்டே இருக்க?” “ஒன்னுமில்ல. சீப்பு.” சீப்பு கையில் இருந்தது. அவர் பார்க்கவில்லை.

சொல்லிவிடலாம். சொன்னால் என்ன செய்வார், காரைத் திருப்பவா முடியும். சொல்லாமல் இருந்தால் மட்டும் பை வந்துவிடுமா. முன்னால் போகும் லாரியில் செம்பனைக் குலைகள், ஒரு குலை விழுவதுபோல வலைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. விழுந்தால் நம் கண்ணாடியில் விழும், கண்ணாடி உடையும், போலீஸ்காரர்கள் உதவிக்கு ஓடி வருவார்கள், யாருக்கும் எதுவும் கேட்கத் தோன்றாது. இப்படியும் ஒரு பெண் நினைப்பாளா, பின்னால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு. பின்சீட்டில் மல்லிகைப்பூ வாடுகிற வாசனையும் தாம்பூலப் பையின் வாழைப்பழ வாசனையும் சேர்ந்து அடித்தது. கிஷேன் தன் ஐசியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயது முடிந்து போன வாரம்தான் வந்தது. கல்யாண மண்டபத்தில் பார்க்காதவர்கள் பாக்கியில்லை. படம் எடுக்கும்போது கண்ணைச் சிமிட்டிவிட்டதால் தூங்குகிறவன் மாதிரி இருக்கிறான். “ரோட்பிளாக் லா, அக்கா,” என்றான். “நீ பூட்ல ஏறிக்கோ. தேங்காய் மூட்டைன்னு சொல்லிக்கிறோம்.” “வாய மூடு, ஐசி பையா,” என்றாள் துர்காஷினி, காதிலிருந்து இயர்போனை எடுக்காமலே. “தூங்கிக்கிட்டே இருக்கிறவன்லாம் பேசக்கூடாது.” “அப்ப லைப்ரரி புக் யாரு பேர்ல எடுப்ப?” “எடுக்கல. நீயே படி, படிக்கத் தெரிஞ்சா.” சிரித்தார்கள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அதுதான் கோமளவல்லிக்குப் பிடிபடாதது. ஒரே வயிறு, ஒரே தகப்பன், ஒரே தட்டில் சோறு. பெரியவள் நூலகத்தில் கதைப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். ஒரு புத்தகத்துக்கு ஒரு ஐஸ்கிரீம் என்று அவன் பேரம் வைத்திருக்கிறான். அதை அவர்கள் விளையாட்டாக ஆக்கிக்கொண்டார்கள். பெரியவர்களுக்குத்தான் விளையாட வரவில்லை.

கார் ஒரு காரளவு நகர்ந்து நின்றது. இன்றைக்குத் தெலுக் இந்தானில் கல்யாணப் பெண் தாலிக்கு முன்னாலேயே கையெழுத்துப் போட்டுவிட்டாள். கோயில் மண்டபத்து மூலையில் மேசை போட்டு, பதிவாளர் கோட்டோடு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண் வந்து குனிந்து கையெழுத்துப் போட்டு, பெருவிரல் மையைத் தோழியின் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே மணவறைக்குப் போனாள். அவ்வளவு நேரம்தான். ஒரு காபி ஆறுகிற நேரம். அப்போது எதிர் வரிசையில் தனபாலனின் அக்கா அம்பிகா இருந்தார். கோமளவல்லியைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஆறிப்போன காபியை ஊதினார். அண்ணி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது நன்றாகச் சண்டை போட்டிருக்கலாம். அறந்தாங்கியிலிருந்து வந்து இறங்கியவளை விமான நிலையத்தில் கையைப் பிடித்து அழைத்துவந்தவர், மசக்கையில் ரசம் வைத்துக் கொடுத்தவர். கார்த்திகையில் கிள்ளான் கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது. பதிவுக்கு, இவள் அங்கே வேறு யாரையும் கட்டவில்லை என்று இந்தியாவிலிருந்து ஒரு சான்றிதழ் வேண்டும் என்றார்கள். ஊரில் இவளுடைய அண்ணன் தாசில்தார் ஆபீசுக்கு நடந்தான், முத்திரை இருந்தால் கையெழுத்து இல்லை, கையெழுத்து இருந்தால் முத்திரை இல்லை, அது வந்து சேர ஆனி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு இங்கே மூன்று வாரம் அறிவிப்பு ஒட்டி வைக்க வேண்டுமாம். அதுவும் ஆயிற்று. தேதி கொடுத்தார்கள். அண்ணி காலண்டரைப் பார்த்தார். “ஆடி ரெண்டு. ஆடியில கையெழுத்தா? தாலி கட்டியாச்சு, ஊரே பாத்து அரிசி போட்டாச்சு, இது வெறும் பேப்பர்தானே. ஆவணி பொறக்கட்டும்.” எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. கோமளவல்லிக்கும் பட்டது. அதை இப்போது மாற்றிச் சொல்ல முடியாது, அவளும் தலையாட்டினாள், ஏழு மாத வயிற்றோடு சோபாவில் உட்கார்ந்து ஊறுகாய் தின்றுகொண்டே தலையாட்டினாள். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் நிறைய இருந்தது. பிள்ளைக்குக் காலண்டர் தெரியவில்லை. ஆடி வெள்ளிக்கிழமை விடியற்காலை பிறந்துவிட்டது. வார்டில் இருந்த தமிழ் நர்ஸ், “ஆடி வெள்ளியில பொண்ணு, அம்மனே வந்துட்டா,” என்றாள், அதனால்தான் துர்காஷினி. ஆவணியில் பதிவு ஆபீசுக்குப் போனபோது பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். வெளியே பெஞ்சில் மடியில் வைத்துக்கொண்டிருந்த அண்ணி, “அப்பா அம்மா கல்யாணத்தப் பாக்குற பாக்கியம் யாருக்குக் கெடைக்கும்,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கையெழுத்து வாங்கிய அதிகாரிகூட என்னவென்று கேட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எவ்வளவு நாள் இருந்தது. பிறப்புப் பதிவுக் கவுண்டரில் இருந்த பெண் ஒரு தேதியில் ஒரு விரலையும் இன்னொரு தேதியில் இன்னொரு விரலையும் வைத்தாள். இரண்டு விரலுக்கும் நடுவே என்ன இருந்ததோ அதில்தான் பிள்ளை விழுந்துவிட்டது. பிறந்தபோது திருமணம் பதிவாகவில்லை, ஆகவே தகப்பன் வழி கணக்கில் வராது, தாய் வழிதான், தாய் வெளிநாட்டுக்காரி. குடிமகள் அல்லாதவர் என்று பத்திரத்தில் அச்சடித்து வந்தது. மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவன் கொட்டாவி விட்டுக்கொண்டே குடிமகன் ஆனான். தாய் வழி என்றால் இந்தியா. இந்தியாவில் யாரும் அவளைப் பதியவில்லை, இந்தியா அவளைப் பார்த்ததே கிடையாது. குடியுரிமை கேட்டு எழுதினார்கள், பெரியவள் நாலாம் வகுப்புப் படிக்கும்போது பதில் வந்தது, நிராகரிக்கப்பட்டது என்று ஒரு வரி, ஏன் என்று இல்லை. மறுபடி எழுதினார்கள். அது இன்னும் உள்ளே இருக்கிறது. இருபத்தொரு வயது வரை கேட்கலாம் என்கிறார் தனபாலன், இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது என்பார், கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது என்பதுபோல. இந்தியப் பாஸ்போர்ட்டை எடுத்துவிடலாம் என்று கோமளவல்லி சொன்னபோதெல்லாம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். “எடுத்தா என்ன சொல்வான்? ஒனக்குத்தான் நாடு இருக்கேம்பான். ஃபைல மூடிருவான். எம்மக இங்க பொறந்தவ, இந்தியாக்காரின்னு நான் என் வாயால சொல்லணுமா?” அவர் சொல்வதும் சரி. எடுத்தால் இந்தக் கதவு மூடும். எடுக்காவிட்டால் எந்தக் கதவும் இல்லை, பதினெட்டு வயதில் ஒரு வேலை இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, நாளைக்கு ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போனால் எந்தச் சான்றிதழைக் காட்டுவாள். எடுத்தால் சொந்த வீட்டில் விசா வாங்கி இருக்க வேண்டிய பிள்ளை. எடுக்காவிட்டால். எடுத்தால். இரண்டு வருஷமாகப் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் இதுதான், தேய்த்து முடிந்தாலும் இது முடியாது. போன மாதம் அவரிடம் கேட்காமலே புதன்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டாள், கோலாலம்பூரில், இந்தியத் தூதரகத்துக்கு. வாங்கின பிறகு சொன்னாள். பெற்றவர்கள் இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நாளை மறுநாளைக்கு மறுநாள் புதன்.

லாரி நகர்ந்து விலகியபோது கூம்புகள் தெரிந்தன, ஆரஞ்சு நிறத்தில், சாலையை ஒரு கார் அகலத்துக்குச் சுருக்கி. அதற்கு அப்பால் கூடாரத் துணி, நாலைந்து நீலச் சட்டைகள். ஒரு தொழிற்சாலை வேனை ஓரம் கட்டியிருந்தார்கள். அதிலிருந்து இறக்கப்பட்டவர்கள் கால்வாய் ஓரத்தில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள், வெளிநாட்டு இளைஞர்கள், ஒருவன் மடியில் ரொட்டிப் பை. ஒருவனுக்கு மூக்கில் ஈ உட்கார்ந்திருந்தது, அவன் ஓட்டவில்லை, கை அசைத்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்திருக்கலாம். கோமளவல்லி தன் பட்டுச் சேலையோடு அந்த வரிசையில் குந்துவதைப் பார்த்தாள், பக்கத்தில் துர்காஷினி, பாவாடை தாவணியோடு, இயர்போனோடு. தாவணி மண்ணில் படுமே என்றுதான் முதலில் தோன்றியது. “என்னங்க,” என்றாள். “அந்த பேக்க விட்டுட்டு வந்துட்டேன்.” “எந்த பேக்?” “பிரவுன் பேக்கு.” அவர் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார், இவளைப் பார்க்கவில்லை. “அவ பேப்பரும் அதுலதானே?” “அதுலதான்.” ஏர்கான் குமிழைத் திருகினார், அது ஏற்கனவே முழுசாகத்தான் இருந்தது. “ஏன்?” “சேலைக்கு மேட்சா இல்ல.” “கல்யாணத்துல பொண்ணப் பாப்பானா, மாப்பிள்ளையப் பாப்பானா, ஒன் பேக்கப் பாப்பானா?” அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. வருஷத்துக்கு ஒரு தடவை இங்கே தங்குவதற்கான அவளுடைய பாஸைப் புதுப்பிக்க அவரும் கூட வந்து உட்கார வேண்டும், என் மனைவிதான், என்னோடுதான் இருக்கிறாள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. நல்ல மனிதர். அதனால்தான் பயம். நல்ல மனிதருக்கு மாரடைப்பு வந்தால், லாரி மோதினால், அவருடைய கையெழுத்து இல்லாத வருஷம் ஒன்று வந்தால், இவள் எந்தக் கதவு வழியாக எந்தப் பிள்ளையை விட்டுவிட்டுப் போவாள்.

“மா, நான் சொல்லிக்கிறேன்,” என்றாள் துர்காஷினி. இயர்போன் கழுத்தில் தொங்கியது, எப்போது கழற்றினாள் என்று தெரியவில்லை, எல்லாம் கேட்டிருக்கிறாள். “டீச்சர் சொல்லிக் குடுத்திருக்காங்க. நான் இங்க பொறந்தேன், அப்பா மலேசியர், மனு பரிசீலனையில இருக்குன்னு. எங்கிட்ட கேட்டா நானே பேசுவேன்.” பேசுவாள். அதில் சந்தேகம் இல்லை. மாவட்ட மலாய்ப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு, நடுவர்களில் ஒருவர் மேடையிலேயே எழுந்து கைதட்டினார், மலாய்க்காரப் பிள்ளைகளே இப்படிப் பேசுவதில்லை என்றார். சான்றிதழில் ஐசி எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தது. அடுத்த சுற்றுக்குப் பெயர் அனுப்பவில்லை. அந்தச் சான்றிதழும் பழுப்புப் பையில்தான் இருக்கிறது, ஏன் அதையும் தூக்கிக்கொண்டு அலைகிறாள் என்று அவளுக்கே தெரியாது, யாராவது கேட்டால் காட்டலாம் என்று இருக்கலாம், இப்படிப் பேசுகிற பிள்ளை என்று. முன்னால் இருந்த கார் போய்விட்டது. தனபாலன் ஜன்னலை இறக்கினார். வெயிலும் டீசல் புகையும் உள்ளே வந்தன.

போலீஸ்காரர் இளைஞர், முகத்தில் வேலை முடிகிற நேரத்துக் களைப்பு. தனபாலனின் ஐசியை வாங்கிப் பார்த்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். கல்யாணம், என்றார் தனபாலன். பின்னாலிருந்து கிஷேன் கையை நீட்டித் தன்னுடையதையும் கொடுத்துவிட்டான், யாரும் கேட்கவில்லை. போலீஸ்காரர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். “தம்பி, தூங்கும்போதா எடுத்தாங்க?” கிஷேனும் சிரித்தான். சிரிப்பு நல்லது, சிரிப்போடு போய்விடலாம், இன்னும் ஒரு நொடி, ஐசிகளைத் திருப்பிக் கொடுக்கிறார், கொடுத்துவிட்டார். அப்புறம் குனிந்து கோமளவல்லியைப் பார்த்தார். அவள் கை தானாகத் தங்க நிறப் பையைத் திறந்தது, உள்ளே அட்சதை. “என் மனைவி,” என்றார் தனபாலன் மலாயில். “இந்தியா. பாஸ்போர்ட் வீட்டில் இருக்கிறது. கல்யாண அவசரத்தில் எடுக்கவில்லை, மன்னிக்கணும்.” போலீஸ்காரர் உச்சுக்கொட்டினார். குந்தியிருந்தவர்கள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். திரும்பிப் பார்த்த அந்த நேரம் எவ்வளவு நீளம், அதற்குள் ஒரு மோட்டார் கடந்தது, இன்னொரு மோட்டார் கடந்தது. பிறகு பின்சீட்டைப் பார்த்தார். “இந்தப் பொண்ணு?” துர்காஷினி நிமிர்ந்து உட்கார்ந்தாள், மேடையில் முதல் வரிக்கு முன்னால் மூச்சு இழுப்பாளே அதுபோல இழுத்தாள், அதைக் கோமளவல்லி கேட்டாள். அந்த மூச்சு வெளியே வருவதற்குள் தனபாலன் சொல்லிவிட்டார். “அவளும்தான். அம்மா மாதிரி. இந்தியா. ரெண்டு பாஸ்போர்ட்டும் வீட்டில் இருக்கு.”

போலீஸ்காரர் ஜன்னலில் இன்னும் கொஞ்சம் குனிந்தார். அவளைப் பார்த்து, வெளிநாட்டுக்காரர்களிடம் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாக, சத்தமாகக் கேட்டார், மலாய் தெரியுமா என்று. துர்காஷினி தகப்பனின் பின்னந்தலையைப் பார்த்தாள். கண்ணாடியில் அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டிருந்தார். “சிக்கிட்,” என்றாள். கொஞ்சம். கோணலாக, கோமளவல்லி வந்த புதிதில் பேசியதுபோல, நாக்கைத் தடுமாறவிட்டு, ஒரு சிரிப்பையும் சேர்த்துச் சொன்னாள். “சிக்கிட், சிக்கிட்.” போலீஸ்காரருக்குத் திருப்தி. அடுத்த தடவை பாஸ்போர்ட் இல்லாமல் வெளியே வரக்கூடாது என்று தனபாலனுக்குச் சொல்லிவிட்டுக் கையைக் காட்டினார். கார் கூம்புகளைத் தாண்டியது.

செம்பனை முடிந்து கடைகள் வந்தன, கடைகள் முடிந்து மறுபடி செம்பனை. தப்பித்தாயிற்று, அதுதானே வேண்டும், வேண்டியது கிடைத்துவிட்டது. குந்தியிருந்தவர்கள் கண்ணாடியில் சின்னதாகி மறைந்தார்கள், அந்த ஈ இன்னும் அங்கேதான் இருக்கும். “அக்கா,” என்றான் கிஷேன், “நீ மலாய்ல எப்பவும் ஏ கிரேடுதானே, ஏன் சிக்கிட்னு...” துர்காஷினி அவன் தொடையில் ஓங்கி ஒரு கிள்ளு கிள்ளினாள், அவன் கத்தவில்லை, அவனுக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். இரண்டு வருஷமாகத் தன் வாயால் சொல்ல மாட்டேன் என்றவர் சொல்லிவிட்டார். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, ஒரு களைத்த பையன் ஜன்னலில் குனிந்தான், அவ்வளவுதான். அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை, பையை விட்டுவிட்டு வந்தது இவள். பை இருந்திருந்தால் பிள்ளை பேசியிருப்பாள். பேசியிருந்தால் அவனும் கைதட்டியிருப்பானோ, வரிசையில் உட்கார வைத்திருப்பானோ. இனித் தெரியாது. பெட்ரோல் கடை விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. தனபாலன் தொண்டையைச் செருமினார். “புதன்கிழமை எத்தன மணிக்கு?” “பத்தரை.” “நான் லீவு போடுறேன்.” இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த சொல் அது, வந்ததும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. எதை வேண்டாம் என்பாள். பின்னால் தாவணி சரசரத்தது. துர்காஷினி இயர்போனை மறுபடி மாட்டிக்கொண்டாள். அதன் இன்னொரு முனை போனில் செருகப்படாமல் மடியில் கிடந்தது. கோமளவல்லி தங்க நிறப் பையை மூடினாள், திறந்தாள், மூடினாள்.

2019 ஜூலை 26 அன்று துர்காஷினி தன் முதல் பாஸ்போர்ட்டான இந்தியப் பாஸ்போர்ட்டில் திருச்சிக்கு விமானம் ஏறினாள். மலேசியாவுக்குள் வந்ததற்கான முத்திரை அதில் இல்லாததால், வெளியேறச் சிறப்பு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. இங்கே தங்க விசா இல்லை, திரும்பி வருவதற்கான விசாவும் முடிவாகவில்லை. வழியனுப்ப அவளுடைய அத்தை அம்பிகாவும் விமான நிலையத்துக்கு வந்திருந்தார். அன்று ஆடி வெள்ளி.